எண்ணெயும் அன்று, நீரும் அன்று

பெயர்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் இருவகையாகப் பகுத்தனர் நம் இலக்கண நூலார். 'மரம்' என்பது இடுகுறி. அப்பெயர் அப்பொருளைச் சுட்டுவதன்றி அதன் இயல்பு இன்னதென்று உரைப்பதில்லை. 'பறவை' என்பது காரணப் பெயர். பறப்பது என்னும் இயல்பை அஃது உணர்த்துகின்றது. இவ்விருவகையாலும் கேட்போர்க்குத் தீங்கொன்றும் இல்லை. ஆயின், காரணப் பெயர் போலத் தோன்றி, அக்காரணம் பொருளோடு பொருந்தாதிருப்பின், அப்பெயரை நம்பினோர் இடர்ப்படுவர். அத்தகைய பெயரொன்று இந்நாளில் நம் ஊர்தோறும் வழங்கி வருகின்றது. மோட்டார் வண்டிகளின் பிரேக்கிலே பயன்படும் திரவத்தை மெக்கானிக்குகளும், வண்டியோட்டுவோரும், கடைக்காரரும் 'பிரேக் ஆயில்' என்றே கூறுகின்றனர். அஃது ஆயில் அன்று. அதனை ஆயில் என்று கொண்டு, மெய்யான எண்ணெயை அதனோடு கலந்தால், வண்டியின் பிரேக்கு சில நாளிற் கெடும். அக்கேட்டின் இயல்பையும், பழைய வண்டி வாங்குவோர் அதனைக் கண்டறியும் வழியையும், கண்டபின் செய்யத்தக்கதையும் இக்கட்டுரையில் எம்மால் இயன்ற அளவு விளக்குவோம்.

முதற்கண், பிரேக்கு வேலை செய்யும் முறையை அறிதல் வேண்டும். மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுப்பின், அவ்வழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்னும் விதியைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் நிறுவினார். இவ்விதியே பிரேக்கின் உயிர். ஓட்டுநர் காலால் மிதிக்கும் பெடல் ஒரு நெம்புகோல். 20 கிலோ விசையோடு மிதித்தால், நெம்புகோல் அதனை ஐந்து மடங்காக்கி, 'மாஸ்டர் சிலிண்டர்' எனப்படும் தலைமை உருளையிலுள்ள தண்டின் மேல் 100 கிலோவாகச் செலுத்துகின்றது எனக் கொள்வோம். அத்தண்டின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் எனின், திரவத்தின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 33 கிலோவாகும். அவ்வழுத்தம் இரும்புக் குழாய்கள் வழியே சென்று, சக்கரத்தருகே 18 சதுர சென்டிமீட்டர் பரப்புடைய தண்டொன்றைத் தள்ளுமாயின், ஆண்டுத் தோன்றும் விசை ஏறத்தாழ 600 கிலோ. இருபது கிலோ மிதி அறுநூறு கிலோ பிடியாயிற்று. மனிதரின் கால் வலிமை பெருவண்டியை நிறுத்துவது இவ்வாறே.

இத்தனையும் இரண்டு நிபந்தனைகளைச் சார்ந்து நிற்கின்றது. திரவம் அமுங்காமல் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. திரவம் கசியாமல் காக்கும் ரப்பர்க் கிண்ணங்களும் வளையங்களும் தம் அளவு மாறாமல் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முதல் நிபந்தனையைக் கெடுப்பது நீர். இரண்டாவதைக் கெடுப்பது எண்ணெய்.

1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த டூசன்பெர்க் 'ஏ' என்னும் கார், நான்கு சக்கரங்களிலும் திரவப் பிரேக்கு அமையப் பெற்ற முதல் வண்டிகளுள் ஒன்று. திரவப் பிரேக்கின் தொடக்க நாள்களில், நம் வீடுகளில் விளக்கெண்ணெய் எனப்படும் ஆமணக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து பிரேக்குத் திரவமாகப் பயன்படுத்தினர். எண்ணெய்களுள் ஆமணக்கெண்ணெய் ரப்பருக்குப் பெருந்தீங்கு செய்யாமையின் அதனைத் தெரிந்தெடுத்தனர். பிற்காலத்தில் வண்டிகளின் வேகமும் பாரமும் மிக, அக்கலவை வெப்பத்தைத் தாங்கவில்லை. இந்நாளில் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது கிளைக்கால் ஈதர் என்னும் வேதிப்பொருளாலாய திரவம். அதன் தரங்களை அமெரிக்க அரசின் போக்குவரத்துத் துறை வகுத்தது. அத்துறையின் பெயர்ச்சுருக்கமே நம் ஊர்ப் புட்டிகளின் மேலும் 'டாட் 3', 'டாட் 4' எனக் காணப்படுகின்றது. ஆகவே, பழைய திரவத்தில் எண்ணெய் இருந்தது உண்மை. இன்றைய திரவத்தில் அஃது இல்லை. பொருள் மாறியும் எண்ணெய் என்னும் எண்ணம் மட்டும் மாறவில்லை.

இனி, நீரால் வரும் கேட்டைக் காண்போம். கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மூடியின் வழியாகவும், சக்கரங்களுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உட்புகும். இவ்வியல்பு குற்றமேயாயினும் அதில் ஒரு நன்மையும் உண்டு. உட்புகுந்த நீர் திரவம் முழுவதும் பரவிக் கலந்துவிடுதலால், ஓரிடத்தில் துளியாகத் தங்கிக் குழாயைத் துருப்பிடிக்கச் செய்வதும், 100 பாகையிலேயே கொதிப்பதும் தவிர்க்கப்படுகின்றன. ஆயின், கலந்த நீர் திரவம் முழுவதன் கொதிநிலையையும் தாழ்த்தும். டாட் 3 திரவம் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திற் கொதித்தல் வேண்டும். நூற்றுக்கு ஏறத்தாழ 3.7 பங்கு நீர் கலந்தபின் அவ்வெல்லை 140 பாகை. டாட் 4 திரவத்திற்கு இவ்வெல்லைகள் முறையே 230, 155 பாகைகள். நூற்றில் நான்கு பங்குக்கும் குறைந்த நீர் கொதிநிலையை அறுபது எழுபது பாகை தாழ்த்துகின்றது.

திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஓட்டுநர் மிதிக்கும் விசை சக்கரத்திற்குச் செல்லாமல் குமிழிகளை நசுக்குவதிலேயே கழிந்துவிடும். பெடல் தரைமட்டும் தாழும், வண்டி நில்லாது. இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. வண்டி எவ்வாறேனும் நின்று, சிறிது நேரம் ஆறினால், ஆவி மீண்டும் திரவமாகிப் பெடல் பழைய உறுதியைப் பெறும். பட்டறையில் மிதித்துப் பார்ப்போர், 'பிரேக்கு நன்றாகத்தானே இருக்கிறது' என்பர். சமநிலத்தில் ஓடும் வண்டிக்கு இக்கேடு பல ஆண்டு வெளிப்படாமலும் இருக்கலாம். மலைச்சாலையில் இறங்கும்போதே அஃது உண்மை உருவைக் காட்டும்.

மலையிறக்கத்தில் பிரேக்கு படும் வெப்பம் எத்துணை என்பதை ஒரு கணக்கால் உணரலாம். கோடைக்கானல் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ளது. ஆண்டிருந்து அடிவாரத்து வத்தலக்குண்டுக்கு வருவோர் ஏறத்தாழ 1,800 மீட்டர் இறங்குகின்றனர். பாரத்தோடு 1,500 கிலோ எடையுள்ள வேன் ஒன்று அவ்வளவு உயரம் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 90 லிட்டர் நீரை அறையின் வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதில் ஒரு பகுதியைக் காற்றின் எதிர்ப்பும், தாழ்ந்த கியரில் ஓடும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது முழுவதும் பிரேக்கின் உறுப்புகளிலேயே வெப்பமாக வந்து தங்கும். மலைச்சாலையில் ஏறுவதற்கு இட்ட கியரிலேயே இறங்குக என்று முதியோர் கூறுவதன் பொருள் இதுவே.

இனி, எண்ணெயால் வரும் கேடு. பிரேக்கின் ரப்பர் உறுப்புகள் கிளைக்கால் திரவத்தோடு உறவாடத் தக்க ரப்பரால் ஆக்கப்பட்டவை. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் முதலிய கனிம எண்ணெய்களுள் எதனைக் கண்டாலும் அந்த ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதும், இளகும், வலுவிழக்கும். தலைமை உருளையில் ஒரு சிறு துளை உண்டு. மிதித்த காலை எடுத்தவுடன், குழாய்களிலுள்ள மிகைத் திரவம் அத்துளை வழியே மேலேயுள்ள தொட்டிக்குத் திரும்பும். ஊதிய ரப்பர்க் கிண்ணம் அத்துளையை அடைத்துவிடும். திரவம் திரும்ப வழியின்றி அழுத்தத்தோடு உள்ளேயே தங்கும். கால் எடுத்த பின்னரும் பிரேக்கு பிடித்தபடியே இருக்கும். அதனால் சக்கரம் சூடேறும். வெப்பத்தால் திரவம் விரியும். விரியவே பிடி இன்னும் இறுகும். இறுதியில் வண்டி நடுச்சாலையில் அசையாமல் நின்றாலும் நிற்கும்; ரப்பர் கிழிந்து, திரவம் கசிந்து, பிரேக்கே இல்லாமற் போயினும் போகும்.

இச்செய்தி எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றால் எமக்குத் தெளிவாயிற்று. எம் தந்தையார் பூம்பாறைப் பக்கத்திலிருந்து மலைப்பூண்டையும் காய்கறிகளையும் வாங்கி வத்தலக்குண்டுக்குக் கொணரும் சிறு வாணிகம் செய்பவர். வாடகை வண்டிக்குக் கொடுப்பதை மிச்சப்படுத்தக் கருதி, பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு பழைய வேன் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினார். வண்டி பார்வைக்கு அழகியது. எஞ்சினும் குறையின்றி ஓடியது. பூண்டு வரத்துக் காலம் நெருங்கிவிட்டமையின், உடனே மலைக்கு ஏற்றவேண்டும் என்பது அவர் விருப்பம். ஆயினும், புதிதாகக் கைக்கு வந்த வண்டியை ஒருமுறை சோதித்த பின்னரே மலையேற்றுவது என்னும் வழக்கப்படி, அடிவாரத்துப் பட்டறையொன்றில் விட்டனர்.

பிரேக்குத் தொட்டியின் மூடியைத் திறந்தவுடன் ஐயம் பிறந்தது. மூடிக்கு அடியிலிருந்த ரப்பர்த் தகடு சமமாக இல்லாமல், அப்பளத்தின் ஓரம்போல் அலையலையாக ஊதியிருந்தது. தொட்டியிலிருந்த திரவம் செந்நிறம் கலந்த பழுப்பாக இருந்தது. நிறம் ஒன்றே சான்றாகாது. பழைய திரவம் இயல்பாகவே பழுப்பேறும். ஆதலின், பட்டறைத் தலைவராகிய முதியவர் கண்ணாடிக் குவளையில் நீரெடுத்து, அத்திரவத்திற் சிறிதளவை அதில் விட்டுக் கலக்கி வைத்தார். கிளைக்கால் திரவம் நீரோடு கலந்துவிடும், எண்ணெய் கலவாது. சிறிது நேரத்தில் நீரின் மேல் வழவழப்பான படலமொன்று மிதந்தது. யாரோ, எப்பொழுதோ, தொட்டி குறைந்திருக்கக் கண்டு வேறொரு புட்டியிலிருந்த ஆயிலை அதில் ஊற்றியிருக்கின்றனர். ஊற்றியவர் யாரென ஆராய்வது எம் நோக்கமன்று. 'பிரேக் ஆயில்' என்னும் பெயரில் உள்ள ஆயிலை நம்பினார் என்பதே யாம் கொண்டது.

அடுத்து, நால்வர் பார்க்க வண்டியைச் சிறிது தொலைவு ஓட்டி நிறுத்தி, ஜாக்கியால் உயர்த்தினர். முன்சக்கரம் கையால் சுழலவில்லை. சக்கரத்தருகேயுள்ள காற்றெடுக்கும் திருகைச் சிறிது தளர்த்தியவுடன் திரவம் பீறிட்டது. சக்கரம் தடையின்றிச் சுழன்றது. உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனிச் செய்யவேண்டுவது யாது என்பதில் இருவேறு கருத்துகள் எழுந்தன. பழந்திரவத்தை வடித்துப் புதுத் திரவம் இரண்டு மூன்று முறை ஊற்றி அலசினாற் போதும். சில நூறு ரூபாயில் மாலைக்குள் வண்டி புறப்படும் என்றார் வேறொரு பட்டறையார். முதியவரோ, எண்ணெய் கண்ட ரப்பர் ஒவ்வொன்றையும் மாற்றினாலன்றித் தாம் அவ்வண்டியைத் தொடுவதில்லை என்றார். செலவோ பன்மடங்கு, உறுப்புகள் வந்து சேரப் பத்து நாளாகும். பத்து நாள் என்பது அப்பருவத்தில் எம் இல்லத்திற்குச் சிறு இழப்பன்று. எம் தந்தையார் அன்றிரவு நெடுநேரம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாட் காலை, 'வண்டி பத்து நாள் இங்கே நிற்கட்டும். மலையில் நிற்காமற் போவதைவிட அது மேல்' என்று கூறி முதியவரிடமே ஒப்படைத்தார்.

முதியவர் கூறியதே முறை என்பதற்குக் காரணம் எளிது. நீர் திரவத்தோடு மட்டுமே கலக்கின்றது. திரவத்தை மாற்றினால் நீரும் நீங்கும். எண்ணெயோ ரப்பருக்குள் ஊறுகின்றது. திரவத்தை எத்துணை முறை மாற்றினும் ரப்பருக்குள் ஊறியது முற்றும் நீங்காது. ஊதிய ரப்பர் பழைய வலிமையைப் பெறாது. ஆகவே நீருக்கு மருந்து அலசுதல்; எண்ணெய்க்கு மருந்து மாற்றுதல். இவ்வேறுபாட்டை அறியாமல் இரண்டற்கும் ஒரே மருத்துவம் செய்வதே பலர் வழக்கம். கழற்றிய தலைமை உருளையின் கிண்ணங்களை யாம் கையிலெடுத்துப் பார்த்தோம். அவை ஊறிய கொண்டைக்கடலைபோலப் பருத்து, நகம் பட்டால் பதியும் அளவு இளகியிருந்தன. அலசுதலோடு விட்டிருந்தால் அவையே மலையிறக்கத்தில் வண்டியைக் காத்திருக்க வேண்டும்.

செய்த வேலையின் ஒழுங்கைச் சுருங்கக் கூறுவோம். முதலில் திரவம் முழுவதும் வடிக்கப்பட்டது. தலைமை உருளை, தொட்டியின் மூடித்தகடு, சக்கர உருளைகளின் கிண்ணங்கள், முன்சக்கரப் பிடிகளின் ரப்பர் வளையங்கள், நெகிழும் ரப்பர்க் குழாய்கள் ஆகிய யாவும் நீக்கப்பட்டுப் புதியன வைக்கப்பட்டன. பின்சக்கரத்தில் கசிந்த திரவம் பட்ட லைனிங்கும் மாற்றப்பட்டது. இரும்புக் குழாய்களில் ரப்பர் இல்லை. ஆதலின் அவற்றை ஆல்கஹாலால் அலசி, உலர்ந்த காற்றை ஊதி, மீண்டும் பொருத்தினர். இவற்றைப் பெட்ரோலாலும் மண்ணெண்ணெயாலும் கழுவுதல் ஒருநாளும் ஆகாது. அவையும் எண்ணெயின் இனமே. எஞ்சிய துளியும் புது ரப்பரைக் கெடுக்கும். ஏ.பி.எஸ். பொருந்திய வண்டியாயின் அதன் அழுத்தப் பெட்டியினுள்ளும் ரப்பர் உண்டு. அதனையும் மாற்ற நேரிடுமாதலின் செலவு மிகும். எம் வண்டியில் அஃது இல்லாமை நல்லதாயிற்று.

பின்னர், முத்திரை நீங்காத புதுப் புட்டியிலிருந்து திரவம் ஊற்றிக் காற்றெடுத்தனர். வண்டியின் கையேடு வேறு கூறாவிடின், தலைமை உருளைக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி அண்மையிலுள்ளதில் முடித்தல் பெருவழக்கு. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றொருவர் திருகைத் தளர்த்துவார். திரவம் குமிழியோடு வெளிவரும். திருகை மூடிய பின்னரே பெடலினின்று காலை எடுத்தல் வேண்டும். முன்னரே எடுத்தால் காற்று உள்ளே இழுக்கப்படும். தொட்டி எந்நிலையிலும் வறளாதபடி ஊற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். வடித்த திரவத்தை மீண்டும் பயன்படுத்துதல் கூடாது. அதனைச் சாக்கடையிற் கொட்டுதலும், திறந்த கலத்தில் வைத்தலும் தகா. கிளைக்கால் வகைகள் உட்கொண்டாரைக் கெடுக்கும் நஞ்சு. வண்டியின் வண்ணப்பூச்சின் மேல் சிந்தினால் பூச்சை உரிக்குமாதலின், சிந்தியவுடன் நீரால் கழுவுதல் வேண்டும்.

யாம் இதுகாறும் கூறியவற்றிற்கு விலக்குகளும் உள. டாட் 5 என்னும் திரவம் சிலிக்கோனாலாயது. அது நீரை ஈர்ப்பதில்லை. ஆதலின் உட்புகுந்த நீர் தாழ்ந்த இடத்தில் துளியாகத் தங்கும். கிளைக்கால் திரவத்தோடு அதனைக் கலத்தல் ஆகாது. டாட் 5.1 என்பது பெயரளவில் அதற்கு அண்மையதாயினும் கிளைக்கால் இனத்தைச் சேர்ந்தது. பெயர் மயக்கம் ஈண்டும் உண்டு என்பதை நேயர்கள் காண்க. பிரான்சு நாட்டுச் சித்ரோன் நிறுவனத்தார் தம் வண்டிகள் சிலவற்றில் 1960-களின் பிற்பகுதி முதல் பச்சை நிறக் கனிம எண்ணெயையே பிரேக்கிற்கும் பயன்படுத்தினர். அவ்வண்டிகளின் ரப்பர் கனிம எண்ணெய்க்கு ஏற்றது. அவற்றில் கிளைக்கால் திரவத்தை ஊற்றினால் அந்த ரப்பரே கெடும். ஆகவே எண்ணெய் தீது, கிளைக்கால் நன்று என்பது முடிபன்று. எந்த ரப்பர் எத்திரவத்திற்கென ஆக்கப்பட்டதோ அதனோடு அதனைச் சேர்ப்பதே நன்று. தொட்டியின் மூடியிலேயே உரிய தரம் பொறிக்கப்பட்டிருக்கும்; அதனைப் படித்தே ஊற்றுதல் வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் இவற்றைக் கருத்திற் கொள்க. தொட்டி மூடியின் ரப்பரைப் பார்த்தல் ஒரு நிமிட வேலை. அஃது ஊதியிருப்பின் விலை பேசுவதற்கு முன் செலவைக் கணக்கிடுக. சிறிது தொலைவு ஓட்டி நிறுத்திச் சக்கரங்களின் அருகே கையை வைத்துப் பார்க்க. ஒன்று மட்டும் மிகச் சூடாயிருப்பின் காரணம் ஆராய்க. எண்ணெய் கலவாது என்று தெளிந்தபின்னும், திரவம் எப்பொழுது மாற்றப்பட்டது என்பது தெரியாவிடின், வாங்கியவுடன் முற்றிலும் மாற்றிவிடுக. அதன்பின் ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வண்டி செய்வோர் பலர் கூறும் வரையறை. திறந்த புட்டியிலே பல திங்கள் கிடந்த திரவம், ஊற்றாமலே ஈரம் ஏறியதாதலின், மலிவென்று அதனை வாங்கற்க.

இறுதியாகப் பெயரைக் குறித்து ஒரு சொல். 'பிரேக் ஆயில்' என்பதைத் தமிழாக்கப் புகுவோர் 'தடை எண்ணெய்' என்றால் பழைய பிழையே தமிழுடுத்து வரும். எண்ணெயை விலக்கித் 'தடைநீர்' என்பாராயின், மற்றொரு பகையாகிய நீரை நண்பனாக்கியவராவர். 'பிரேக்குத் திரவம்' என்பது அழகிற் குறைந்ததாயினும் பொய்யுரையாத பெயர். பட்டறையிலும் கடையிலும் அப்பெயரையே வழங்குவோமாயின், தொட்டி குறைந்தவிடத்துக் கைக்கெட்டிய ஆயிலை ஊற்றப்போகும் ஒருவரேனும் ஒரு கணம் தயங்குவர். அத்தயக்கம் மலைச்சாலையின் கீழ்வளைவில் ஒரு குடும்பத்தைக் காத்தாலும் காக்கும்.